படுவான்கரை முயல்கள்: துவக்கும் நாயும் நரியும் மாற்றிவிட்ட பழக்கங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யாரிடம் முயலைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "முயலா? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது மனே." துவக்கோடு போகிறவரும் இதைத்தான் சொல்வார், கச்சான் கடலை போட்டவரும் இதைத்தான் சொல்வார். ஆனால் அதே கச்சான்காரர் விடிய எழும்பித் தோட்டத்துக்குள் போனால், இளம் பயறு ஒரு வரிசை நுனி நறுக்கி நிற்கும். மயில் என்பார், மான் என்பார், பக்கத்து வளவு ஆடு என்பார். முயல் என்று மட்டும் சொல்லமாட்டார். அவர் முயலைக் கண்ணால் கண்டு வருடக்கணக்கு.

நான் பார்த்தவரை முயல் முடிந்துபோகவில்லை. ஆள் கண்ணில் படாமல் வாழப் பழகிவிட்டது. வேட்டையும் நாயும் கூடின இடத்தில் அது வெளியே வரும் நேரம் மாறியிருக்கிறது, படுக்கும் இடம் மாறியிருக்கிறது, ஓடும் விதம் மாறியிருக்கிறது. தின்னும் விதம்கூட மாறியிருக்கிறது. இது தெரியாமல் தோட்டத்தையும் காக்க முடியாது, முயலையும் காக்க முடியாது. எனக்கு இரண்டிலும் அக்கறை உண்டு. அதனால் கண்டதையும் கேட்டதையும் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

எங்கள் மேட்டுநிலம் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, தாந்தாமலை போகும் பக்கம். மாரி மழையோடு சோளன், கச்சான், பயறு, கௌபி போடுவோம். ஒரு பக்கம் வயல் வட்டை. மற்றப் பக்கமெல்லாம் பற்றைக்காடு: இலந்தை, சூரை, நாயுண்ணி, இடையிடையே வீரையும் பாலையும். யானைக்குப் பயந்து இரவில் பரணில் காவல் இருக்கவேண்டிய நிலம். யானை எல்லா இரவும் வராது. வராத இரவுகளில் கண் முழித்துக்கொண்டு வேறு என்ன செய்வது? கீழே என்ன நடக்கிறதென்று பார்த்துக்கொண்டிருப்பேன். முயலை நான் படித்தது அப்படித்தான். மிச்சத்தைச் சொல்லித் தந்தவர் மாமா. இளவயதில் முயலுக்கு நாயோடு போனவர், பிறகு அந்தப் பழக்கத்தை முழுதாக விட்டவர். வேட்டைக்காரரின் கண் மட்டும் அவரிடம் அப்படியே இருக்கிறது.

முதலில் விலங்கைப் பற்றி ஒரு விளக்கம். இலங்கைக் காட்டில் இருப்பது ஒரே ஒரு முயல் இனம்தான். பின்கழுத்தில் கறுப்புத் திட்டு உள்ளது. லெப்பஸ் நைகிரிகோலிஸ் என்பது அறிவியல் பெயர். கூட்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த வேறு இனம். அது நிலத்துக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். அதன் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் வளைக்குள் பிறக்கும். நம் காட்டு முயல் வளை தோண்டாது, தனியாகத் திரியும். குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கும். இந்த வேறுபாடு முக்கியம். ஓடி ஒளிய ஒரு குழி இல்லாத விலங்குக்கு எப்போது அசைவது, எப்போது அசையாமல் கிடப்பது, எந்தப் பக்கம் பாய்வது என்ற கணக்கில்தான் உயிர் இருக்கிறது. ஆகவே ஆபத்து கூடினால் முதலில் மாறுவது அந்தக் கணக்கு.

பகலில் முயல் படுக்கும் இடத்தைப் பலர் கண்டிருக்கமாட்டார்கள். வேலிக்கு வெளியே இலுக்குப் புல்லுக்குள் ஒன்றை மாமா காட்டினார். காட்டியும் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. உரித்த தேங்காய் மட்டையைக் கவிழ்க்காமல் வைத்தது மாதிரி ஒரு சின்னப் பள்ளம். பின்பக்கம் ஆழம், முன்பக்கம் ஆழம் குறைவு. முயல் பின்னங்காலை ஆழமான பக்கத்தில் வைத்து, காதை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். புல் அழுந்தி, உட்புறம் உடம்புச் சூட்டில் வழவழப்பாக இருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று நரைத்த மயிர். முன்னால் திறந்த வெளி, பின்னால் சூரை முள். அது எழும்பிப் பாய்வதற்கான வழி மட்டும் புல்லில் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

"வந்த வழியைத் தேடு பாப்பம்" என்றார் மாமா. தேடினேன். கால் தடம் படுக்கையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய், அங்கே அறுந்து நின்றது. முயல் நேரே படுக்கைக்கு வருவதில்லை. படுக்கையைத் தாண்டிப் போய், வந்த தடத்திலேயே திரும்பி, பிறகு ஒரே பாய்ச்சலில் பக்கவாட்டில் விழுந்து படுக்கும். மோப்பம் பிடித்து வரும் நாயோ நரியோ தடம் முடிகிற இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்க, முயல் சில யார் தள்ளிக் கிடந்து பார்த்துக்கொண்டிருக்கும். நாய் அதிகம் திரியும் பக்கம் இந்தத் திருப்பம் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக இருப்பதை மழைக்குப் பிந்திய ஈரமண்ணில் கண்டிருக்கிறேன். நாய் போகாத பக்கத்தில் தடம் நேராக வந்து முடிகிறது.

வேட்டை ஒரு முயலை எவ்வளவு மாற்றும் என்பதை நான் நம்பியது வேறு ஓர் இடத்தைப் பார்த்துத்தான். 2007க்குப் பிறகு ஆட்கள் ஊர் திரும்பியபோது, எங்கள் பக்கத்தில் சில காணிகளில் மண்டையோட்டுப் பலகை நட்டுச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கண்ணிவெடி பயத்தில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். ஆளோடு போகும் நாயும் ஆள் போகாத இடத்துக்குப் போவது குறைவு. அந்த நாடாவுக்கு அப்பால் பொழுது சாய முன்னரே முயல் வெளியே வந்து அறுகம்புல் மேயும். வீதியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தால் காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்ப மேயும். அதே நேரம், வீதிக்கு இந்தப் பக்கம், ஆட்கள் விறகுக்கும் இறைச்சிக்கும் போய் வந்த பற்றையில் ஒரு முயலைக்கூடப் பகல் வெளிச்சத்தில் காணமுடியாது. ஒரே மண், ஒரே புல், நடுவே ஒரு கிரவல் ரோட்டு.

பிறகு கண்ணிவெடி அகற்றினார்கள். 2017இல் மட்டக்களப்பு கண்ணிவெடி ஆபத்து நீங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எங்கள் பக்கத்துக் காணிகள் அதற்கு முன்னரே திறந்துவிட்டன. ஆட்கள் போனார்கள், நாய் போனது, இரவில் டோர்ச் லைட்டும் போனது. பின்னேரம் மேய்ந்த முயல்கள் அடுத்த மாரிக்குள் காணாமல் போயின. கொஞ்சம் சுடுபட்டிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் காலையில் அதே புல்லில் புதுப் புழுக்கை கிடந்தது. மேய்ச்சல் நடக்கிறது, நடக்கும் நேரம்தான் நடுச்சாமத்துக்கு அப்பால் போய்விட்டது.

இது எங்கள் ஊர் முயலுக்கு மட்டும் உரிய குணமல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வு ஆறு கண்டங்களிலிருந்து 62 பாலூட்டி இனங்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனித நடமாட்டம் கூடின இடத்தில் விலங்குகள் இரவு வாழ்க்கைக்கு மாறுகின்றன என்பதே அதன் முடிவு. துவக்கு வேண்டுமென்றில்லை, ஆள் நடமாட்டமே போதும். முயல் ஏற்கனவே அந்தியிலும் இரவிலும் மேயும் விலங்கு. அதை நாம் இரவுக்குள்ளேயே இன்னும் உள்ளே தள்ளுகிறோம்.

லைட் விஷயத்துக்கு வருகிறேன். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியும்: பழகாத முயல் வெளிச்சம் பட்டதும் விறைத்து நிற்கும், கண் சிவப்பாக மின்னும். அந்த நிற்பில்தான் வெடி விழும். ஆனால் லைட் அடிக்கடி போகும் வட்டையில் முயல் நிற்பதில்லை. வெளிச்சத்தின் ஓரம் பட்டாலே தலையை மறுபக்கம் திருப்பி, கண் மின்னாமல் பதுங்கி நகர்ந்துவிடும். பரணிலிருந்து நான் யானைக்கு லைட் அடிக்கும்போதெல்லாம் இதைக் கண்டிருக்கிறேன். வெளிச்சம் போனதும் நிலவில் பார்த்தால், ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்திலிருந்து ஒரு முயல் எழும்பி வரம்போரம் போகும். லைட் அடித்து எண்ணிவிட்டு "நாலுதான் நிக்குது" என்பவரின் கணக்கை நான் எடுப்பதில்லை. ஒன்று, லைட்டுக்கு நிற்கிற முயல்களை அவரே முடித்திருப்பார். மற்றது, மிச்சம் இருப்பவை லைட்டுக்கு நிற்காத முயல்கள்.

நிலவுக்கும் இதில் பங்குண்டு. நிலவு நல்லாக இருந்தால் ஆந்தையும் நரியும் தூரத்திலிருந்தே காணும் என்பதால், வேட்டைக்காரர் வராத இடத்தில் முயல் பறுவத்தை ஒட்டிய நாட்களில் வெளியே குறைவாகத்தான் வந்தது. வேட்டைக்காரர் வரும் இடத்தில் கணக்கு சிக்கலாகிறது. அவர்கள் லைட் நன்றாக வேலை செய்யும் இருட்டுப் பக்கத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். அந்தப் பக்கத்து முயல்களுக்கு இருட்டிலும் நிம்மதியில்லை, நிலவிலும் நிம்மதியில்லை. ஆட்கள் களைத்துத் திரும்பும் பின்சாமத்தில் வந்து அவசர அவசரமாக மேயும். பரணில் நான் பார்த்த முயல்களில் பெரும்பாலானவை சேவல் கூவுவதற்குச் சற்று முந்திய நேரத்து முயல்கள்.

நாய் வேறு கதை. நாயை முயல் எவ்வளவு வேறாக எடுக்கிறது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். அந்தோனி ஹோலி என்பவர் அங்கே சமர்செற் பகுதியில் ஐரோப்பியக் காட்டு முயல்களைக் கவனித்து 1993இல் எழுதினார். வெட்டவெளியில் நரி கிட்ட வந்தால் முயல் ஓடுவதில்லை. பின்னங்காலில் எழும்பி, வயிற்றின் வெள்ளை தெரிய நரியைப் பார்த்து நிற்கிறது. "உன்னைக் கண்டுவிட்டேன், இனி ஓடி வந்து பயனில்லை" என்று நரிக்கு அறிவிப்பதாக அவர் விளக்கினார். நரி மறைந்து வந்து பிடிக்கிற விலங்கு, கண்டுவிட்டால் விட்டுவிடும். நாய் வந்தால் முயல் அப்படி நிற்பதில்லை. நாய் களைக்கும்வரை துரத்தும், அதற்கு அறிவித்து என்ன பயன்?

நம் முயலும் நம் நரியும் வேறு இனங்கள் என்றாலும் இதற்குக் கிட்டத்தட்ட ஒன்றை நான் கண்டிருக்கிறேன். வயல் அறுத்த வெளியில் ஒரு நரி வரம்பு வழியே வர, முயல் மேய்ச்சலை விட்டு நிமிர்ந்து பார்த்தது. நரி கொஞ்சம் நின்று, பார்க்காத மாதிரி வேறு வரம்பால் போய்விட்டது. முயலும் ஓடவில்லை. அதே வெளியில் ஊர் நாய் ஒன்று குரைக்கும் சத்தம் வட்டை முனையில் கேட்டாலே முயல் போய்விடும். நாய் கண்ணில் படவேண்டியதில்லை.

துரத்தினால் முயல் நேர்கோட்டில் வெகுதூரம் போகாது, தன் எல்லைக்குள் வளைந்து எழும்பிய இடத்துக்கே கிட்ட வரும். இதை வைத்துத்தான் மாமா காலத்து வேட்டை. நாயை விட்டுவிட்டு, முயல் எழும்பின இடத்தில் ஆள் அசையாமல் நிற்பார். முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் பின்னாலும் பக்கத்திலும் நன்றாகப் பார்க்கும்; நேர் முன்னால்தான் பார்வை குறைவு. அசையாமல் நிற்கிற ஆளின் காலடிக்கே ஓடி வந்துவிடும். "இப்ப அப்பிடி வாற முயல் குறைவு மருமகன்" என்கிறார் மாமா. நாய் அதிகமாகின இடத்தில் அவை வளைந்து திரும்பாமல் ஒரேயடியாக அடுத்த பற்றைக்குப் போய்விடுவதை அவரும் கண்டிருக்கிறார், நானும் கண்டிருக்கிறேன். பழக்கமான இடத்தை விட்டுத் தெரியாத இடத்தில் படுக்கும் முயல் அடுத்த நாள் காட்டுப்பூனைக்கோ வெங்கிணாந்திப் பாம்புக்கோ இலகுவாக அகப்படும். நாய் கடிக்காமலே முயலைக் கொல்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

பற்றை முயலுக்குக் காவல் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பகலில் அது சரி. வானத்தில் பருந்தும் கழுகும் சுற்றும்போது முள்ளுக்குள் கிடப்பது காவல்தான். இரவில் அதே பற்றைக்குள் பூனை பதுங்கியிருக்கும். ஸ்பெயினில் டொன்யானா என்ற பெரிய பாதுகாப்புக் காட்டில் வளைமுயல்களைப் பார்த்த ஆய்வாளர்கள் இதையே 1996இல் எழுதினார்கள்: மறைவு பகலில் பாதுகாப்பு, இரவில் ஆபத்து. அங்கே முயல்கள் பகலில் புதரோரம் மேய்கின்றன, இரவில் வெட்டவெளிக்கு வருகின்றன. எங்கள் தோட்டத்திலும் இதே ஒழுங்கு தெரிந்தது. அந்தி நேரத்துச் சேதம் பற்றையோர வரிசையில். இரவுச் சேதம் நடுத் தோட்டத்தில், செடி குட்டையாக, சுற்றிவரப் பார்க்கக்கூடிய இடத்தில். சோளன் இடுப்புயரம் வந்த பாத்திக்குள் முயல் போவதே இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாதே.

தின்னும் விதத்தைப் பார்த்தாலே அந்த நிலத்தில் முயலுக்கு எவ்வளவு பயம் என்று சொல்லிவிடலாம். நரியும் காட்டுப்பூனையும் திரியும் பருவத்தில் சேதம் பரவலாக இருக்கும். இங்கே ஒரு நுனி, ஐந்து எட்டுத் தள்ளி இன்னொரு நுனி. கடிப்பதும் நிமிர்ந்து பார்ப்பதும் நகர்வதுமாக மேய்ந்திருக்கும். அப்படிக் கிள்ளுப்பட்ட பயறு பக்கக் கிளை விட்டுத் தப்பிவிடும். நரி இல்லாத பருவத்தில் ஒரே இடத்தில் குந்தி, பாய் விரித்த அளவு இடத்தை மண்ணோடு மொட்டையடித்திருக்கும். அது தப்பாது. கோழி பிடிக்கிறது என்று பக்கத்தில் ஒருவர் நரிகளுக்கு நஞ்சு வைத்த வருடம் எங்கள் கௌபி அப்படித்தான் போனது. அவுஸ்திரேலியாவில் கன்பராவுக்குக் கிட்ட ஒரு தேசியப் பூங்காவில் நரிகளை அகற்றிப் பார்த்தபோதும், வளைமுயல்கள் புதரை விட்டு வெகுதூரம் வெளியே வந்து மேய்ந்ததை ஆய்வாளர்கள் 1999இல் பதிவு செய்திருக்கிறார்கள். தோட்டம் செய்கிறவர்கள் நரியைப் பகையாக நினைப்பது எனக்கு விளங்காத ஒன்று. கோழிக்கூட்டை இறுக்கிப் பூட்டினால் போதும்.

பயம் இன்னொன்றையும் செய்கிறது. கனடாவின் யூக்கோன் பகுதியில் பனி முயல்களின் தொகை ஏறக்குறைய 10 வருடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். சார்லஸ் கிரெப்ஸ், ரூடி பூன்ஸ்ட்ரா முதலான ஆய்வாளர்கள் அங்கே பல பத்தாண்டுகள் வேலை செய்தவர்கள். தொகை இறங்கும் காலத்தில் முயல்களைக் கொல்வது பெரும்பாலும் வேட்டை விலங்குகள்தான். ஆனால் பிடிபடாமல் தப்பும் தாய்களும் ஓயாத பயத்தால் உடலில் அழுத்தச் சுரப்பு ஏறி, குறைவாகவும் நோஞ்சலாகவும் குட்டி போடுகின்றன என்று அங்கே கண்டார்கள். நம் பற்றையில் இதை யாரும் அளந்ததாக நான் அறியேன். என்றாலும் ஒவ்வொரு இரவும் நாயும் லைட்டும் கலைக்கிற இடத்தில், ஒரு முயலும் சுடுபடாவிட்டாலும், குட்டி குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம். "நாங்க ஒண்டும் பிடிக்கயில்ல, சும்மா நாயோட ஒரு சுத்து" என்று சொல்லும் பொடியன்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

இனி, தோட்டக்காரருக்கு உதவக்கூடியவை.

முதலில் தின்றது முயல்தானா என்று நிச்சயப்படுத்துங்கள். முயல் கடித்த தண்டு சரிவாக, கத்தியால் சீவின மாதிரி இருக்கும். மாட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பல் இல்லாததால் அவை இழுத்துப் பிய்க்கும், வெட்டு நார்நாராக நிற்கும். மயில் கொத்தினால் இலை கிழிந்திருக்கும், முளை பிடுங்குப்பட்டிருக்கும். கச்சானைக் கிண்டி எடுத்திருந்தால் பன்றி அல்லது முள்ளம்பன்றி. முயல் கிழங்குக்கோ காய்க்கோ மண் கிண்டுவதில்லை. புழுக்கை இன்னொரு அடையாளம். ஆட்டுப் புழுக்கை கறுத்து, வழவழப்பாக, கொஞ்சம் நீளமாக இருக்கும். முயலுடையது உருண்டை, சற்றே தட்டை, விரலால் நசித்தால் காய்ந்த புல் தூளாக உதிரும். தடம் என்றால், சின்ன முன்னங்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் இருக்கும், நீண்ட பின்னங்கால் இரண்டும் பக்கத்தில் பக்கமாக முன்னால் இருக்கும்.

எத்தனை முயல் என்று அறியவேண்டுமானால் லைட்டை விட்டுவிடுங்கள். வேலியோரம் நாலைந்து இடத்தில் ஒரு பாய் அளவு நிலத்தைச் செதுக்கித் துப்புரவாக வைத்து, கிழமைக்கு ஒரு தரம் புழுக்கையைப் பாருங்கள். பார்த்ததும் அள்ளி எறியுங்கள். கூடுகிறதா குறைகிறதா, எந்தப் பக்கத்தால் வருகிறது என்பது ஒரு போகத்துக்குள் விளங்கிவிடும். முயலைப் பார்க்கவே வேண்டாம்.

பயறுக்கும் கௌபிக்கும் ஆபத்தான காலம் முளைத்து வரும் முதல் மூன்று நாலு கிழமை. அதற்குப் பிறகு செடி தடித்துவிடும், முயலுக்கும் வெளியே மாரிப் புல் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் கொஞ்சக் காலத்துக்கு நாங்கள் கிடுகை நீளவாக்கில் நிலத்தோடு ஒட்டிக் கட்டுவோம், புழுக்கை அதிகம் விழுகிற பக்கத்துக்கு மட்டும். முயலுக்குக் கிடுகைப் பாயும் வலிமை இருக்கிறது. ஆனால் மறுபக்கம் என்ன நிற்கிறதென்று தெரியாத இடத்துக்குப் பாய அதற்கு விருப்பமில்லை. கம்பி வலையானால் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேல் போதும், அடி ஓரத்தை வெளிப்பக்கம் மடித்துக் கல் வைக்கவேண்டும். பழைய மீன்வலை வாவிக்கரையில் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதைத் தொய்வாகக் கட்டினால் சாரையும் உடும்பும் சிக்கிச் சாகும். எலியைத் தின்கிற சாரையை வலையில் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வாங்குவதில் அர்த்தமில்லை. வலை கட்டினால் பறை மாதிரி இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டாதீர்கள்.

பற்றையை அடியோடு வெட்டி எரித்தால் முயல் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். மேலே சொன்னதைப் பார்த்தால் அது ஏன் பலிக்காது என்று தெரியும். இரவில் முயலுக்கு வெளிதான் விருப்பம். பற்றையை அழித்தால் அதற்கு மேய்ச்சல் வெளி கூடுகிறது, பூனைக்கும் நரிக்கும் மறைவு போகிறது. தோட்ட ஓரத்துப் பற்றையை விட்டு வைத்து, தோட்டத்துக்கும் பற்றைக்கும் நடுவே உள்ள அறுகம்புல்லைச் செதுக்காமல் விடுவது எங்களுக்குக் கைகொடுத்தது. வயிறு அங்கேயே நிரம்பிவிடுகிறது.

கண்ணி வைப்பதை நான் எந்த நிலையிலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். முயலுக்கென்று கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள், அதில் உடும்பும் காட்டுப்பூனையும் விழுகின்றன. பன்றிக்கென்று வைக்கும் பெரிய கண்ணியின் கதை நாடறிந்தது: 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் இறுகி, மீட்டும் பிழைக்காமல் செத்தது. கால் பட்டால் வெடிக்கும் கட்டுத்துவக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கும் வெங்காய வெடியும் இன்னும் மோசம். விறகுக்குப் போன மனிதரின் காலும் மாட்டின் வாயும் போவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவோம். தேசியப் பூங்காவுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் எந்த வேட்டையும் குற்றம், 1937ஆம் ஆண்டின் சட்டம் அது. உன்னிச்சை தாண்டியோ லாகுகலைப் பக்கமோ போகிறவர்கள் எல்லை எங்கே என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

குட்டி விஷயம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியது. புல்லுக்குள் தனியாக ஒரு முயல்குட்டி கிடந்தால் "தாய் விட்டிட்டுப் போயிட்டு" என்று வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். தாய் விட்டுப்போகவில்லை. குழி இல்லாத முயல், குட்டிகளைத் தனித்தனியாகப் பதுக்கிவிட்டு வேண்டுமென்றே தள்ளி நிற்கும், தன் மணத்தைத் தேடி வரும் நரி குட்டியைக் காணாமல் இருக்க. இந்த வகை முயல்கள் வழக்கமாக நாளுக்கு ஒரு தரம், பொழுதுபட்ட பிறகு, சில நிமிடம் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். பகல் முழுக்கத் தாயைக் காணாதது இயல்பு. வீட்டில் பசுப்பால் பருக்கினால் வயிற்றோட்டம் பிடித்து இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். தூக்கி வந்துவிட்டால் அன்றைக்கே, பொழுதுபட முன்னர், எடுத்த அதே இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். ஆள் கை பட்டதால் தாய் ஒதுக்காது. நாயை மட்டும் கூட்டிப் போகவேண்டாம்.

அறுவடைக் காலத்தில் மெசின்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வயலைச் சுற்றி ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு போனால், உள்ளே கிடக்கும் முயலும் காடையும் நடுவில் ஒதுங்கி, கடைசித் துண்டில் ஒன்றும் செய்யமுடியாமல் அகப்படும். குட்டி அசையாமல் கிடந்து பிளேட்டுக்குள் போய்விடும். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கிப் பற்றை இருக்கும் பக்கத்தை நோக்கி வெட்டினால் அவை போக வழி இருக்கும். மெசினுக்கு மேலதிக எண்ணெய்ச் செலவு பெரிதாக இல்லை. வைக்கோல் எரிப்பவர்களும் இதே ஒழுங்கில் நெருப்பு வைக்கலாம், எரிக்காமல் விட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக நாய். எங்கள் பக்கத்தில் நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து, பொழுதுபட்டால் நாயைப் பரணடியில் கட்டுவது என்று பேசி எடுத்தோம். யானை வந்தால் கட்டின நாயும் குரைக்கும். அவிழ்த்த நாய் யானையைச் சீண்டி நம்மிடமே கூட்டிக்கொண்டு வரும் என்பதும் ஒரு காரணம். ஒருவர் மட்டும் இன்னும் கட்டுவதில்லை. அவருடைய பக்கத்துப் புழுக்கைப் பாத்தியில் சிறுபோகத்தில் ஒன்றுமே விழவில்லை. மற்ற மூன்று பக்கமும் விழுந்தது. வேலிக்கு வெளியே அறுகம்புல்லில்தான் கூடுதலாக விழுந்தது, பயறு பெரும்பாலும் தப்பிவிட்டது. வரும் மாரிக்கு அவருடைய பாத்தியையும் எங்களுடையதையும் கிழமைக்குக் கிழமை அவரையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதென்று மாமா சொல்லியிருக்கிறார்.